இரண்டு கிலோ கழிவு

மடுவத்துத் தராசில் எதை வைத்தாலும்
சாக்குக்கும் ஈரத்துக்குமாய் இரண்டு கிலோ கழிப்பேன்.
இருபத்தாறு வருசப் பழக்கம்.
யாராவது ஒரு பதில் சொன்னாலும்
கை தானாகக் கழித்துவிடுகிறது.

சாகாமல் இருக்கலாமா என்று முதலில் கேட்டது
ஏழாம் நம்பர் மலை.
நேற்றுத்தான் பிடுங்கத் தொடங்கினார்கள்.
வெள்ளைக்காரன் காலத்துச் செடி,
நூற்றிமுப்பது வயது, இடுப்பு உயரம்.
சங்கிலி கட்டி மெஷின் இழுத்தபோது
வேர் வந்த சத்தம்
படுத்த மாடு மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

சில வருசத்துக்கொரு தரம் கவ்வாத்து வெட்டி,
வாரத்துக்கொரு தரம் நுனி கிள்ளி,
பூக்க விடாமல், காய்க்க விடாமல்
கிழடாகவும் விடாமல் வைத்திருந்தோம்.
ஓடைக்கரையில் கத்திக்குத் தப்பிய ஒன்று மட்டும்
மரமாகிப் பூத்து, விதை கொட்டி,
ஓர் ஆடிக் காற்றில் சாய்ந்தது.
இரண்டில் எது வாழ்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் கொழுந்து நிறுக்கிறவன்,
மரத்தை நிறுத்துப் பார்த்ததில்லை.

தவறணையில் ஜெசிந்தா
ஒரு கணுவும் ஒரு இலையுமாக வெட்டிக்
கறுப்புப் பைகளில் நடுகிறாள்.
"எல்லாம் ஒரே தாய்ச்செடிதான் அண்ணே,
லட்சம் பையிலயும் அதேதான். சாவே இல்ல."
"அப்ப போன மாசம் கருகின நாலாயிரம்?"
பூவாளியைக் கீழே வைத்து யோசித்தாள்.
"அது வேற."
தளிர்த்தால் அதேதான்,
கருகினால் வேறு.

பேர் நிலைக்கும் என்றார் சங்கத்து யோகநாதன்.
செக்ரோல் எழுதுகிறவனிடம் சொல்கிற பேச்சா?
பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
வருசக் கடைசியில் கட்டிப் பரணில் போட்டால்
இரண்டையும் ஒரே கறையான்தான் தின்னும்.

மவுசாகலைத் தண்ணீருக்குள் பழைய கோயில் இருக்கிறது.
வறட்சியில் தூண்கள் வெளியே தெரிந்ததும்
மஸ்கெலியாக்காரர்கள் செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்குவார்கள்.
சாகாதவருக்கும் மூச்சு விட
மழை பொய்க்க வேண்டியிருக்கிறது.

ஆயிரம் வருசம் இருந்தால் சலிப்புத் தட்டும் என்கிறார்கள்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் சலேத்
ஆயிரம் வருசம் கேட்கவில்லை.
"வெள்ளிக்கிழம வரைக்கும் போதும், மகன் வந்துருவான்."
வந்தான்.
"திங்கக்கிழம, பக்கத்துக் கட்டில்காரிக்கு ரிப்போட் வருது,
என்னான்னு தெரிஞ்சிக்கணும்."
திங்கட்கிழமை பலாக்கொட்டைக் கறி கேட்டாள்,
மறுநாளைக்கு.
அந்த வெள்ளியையும் திங்களையும்
கூட்டிக்கொண்டே போனால் எங்கே முடியும்?
கணக்குத் தெரிந்தவன் நான். முடியாது.
ஒருவரும் கேட்காத ஒன்றை
அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று
எல்லோரும் சில்லறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முள் சைபருக்குத் திரும்பாத தராசில்
அடுத்த சாக்கை நிறுக்க முடியாது.
இதுதான் சரியான பதில் என்று
பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.
நினைத்துவிட்டு எழும்பித் தண்ணீர் குடிப்பேன்.
அது தராசின் நியாயம்.
சாக்குக்குள் இருந்தது கொழுந்து.
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று பின்னேரம் ஏழாம் நம்பரிலிருந்து
ஒரு தூரை இழுத்து வந்து தராசில் ஏற்றினேன்.
விறகுக்கு என்று சொல்லிக்கொண்டேன்.
நாற்பத்தொரு கிலோ, மண்ணோடு.
எது வேர், எது அதைப் பிடித்திருந்த மண் என்று
விரலால் பிரிக்க முடியவில்லை.
கழிப்பதா, வேண்டாமா?
பென்சில் காதிலேயே இருக்கிறது.

வரிசையில் பின்னாலிருந்து
அமராவதி சத்தம் போடுகிறாள்:
"தூர எறக்குங்க கணக்கப்புள்ள,
கொழுந்து வாடுது."